காலடியில் இருந்த பேட்டரி

மருந்தகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் ஏதாவது எழுதிவைத்துவிட்டுப் போ என்று மருந்தகத்தை நடத்தும் மதர் சொன்னார்கள். பிரசவம் பார்ப்பதைப் பற்றி நான் எழுதி நீங்கள் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. என்னைவிடப் புதிய பாடங்களைப் படித்து வந்தவர்கள் நீங்கள். அலமாரியில் எந்த மருந்து எங்கே இருக்கிறது என்று சீட்டு ஒட்டிவைத்திருக்கிறேன். எனவே வண்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நர்சுக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். மூன்று வருஷம் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இதை இரண்டு முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். முதல் தடவை எழுதியதில் எல்லாத் தப்பும் வண்டியில் பிடித்த துருவின் மேல் இருந்தது. இரண்டாம் தடவை எழுதியதைப் படித்துவிட்டு, "இதைப் படிக்கிறவர்கள் உனக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறாய்" என்றார் என் வீட்டுக்காரர். அவர் பள்ளிக்கூட வாத்தியார்; கட்டுரை திருத்துவது அவர் வேலை. இது மூன்றாவது.

கொட்டகையில் நிற்கும் கறுப்புக் காரைப் பார்த்திருப்பீர்கள். யுத்தத்துக்கு முன்னால் வந்த அமெரிக்கக் கார். ஒரு செட்டியார் வீட்டில் கல்யாணங்களுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சமஸ்தானம் போன பிறகு அந்தக் குடும்பம் அதை மருந்தகத்துக்குக் கொடுத்துவிட்டது. பின் ஆசனத்தை எடுத்துவிட்டு, நோயாளி படுக்க ஒரு பலகை போட்டார்கள். ஜன்னலில் பட்டுத் திரை தொங்கிய பித்தளை வளையங்கள் மட்டும் இன்னும் இருக்கின்றன. எனிமா டப்பாவை மாட்ட அவை சௌகரியம். நான் மாட்டும்போதெல்லாம் டிரைவர் அண்ணன், "மாப்பிள்ளை ஏறுன வண்டி, நர்சம்மா" என்பார்.

டிரைவர் அண்ணன் அன்னவாசல்காரர். பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். அவருக்குப் பெயர் உண்டு. ஆனால் யாரும் சொல்வதில்லை. நீங்களும் அண்ணே என்றுதான் கூப்பிடப் போகிறீர்கள்.

அந்தக் காரில் பேட்டரி முன்பக்கத்து மூடிக்குள் இல்லை. டிரைவருக்கு இடப்பக்கம் உட்காருகிறவரின் காலடியில், தளத்துக்குக் கீழே, ஓர் இரும்புத் தட்டில் தொங்குகிறது. அதன்மேல் ஒரு தகட்டு மூடி. அந்த இடப்பக்க ஆசனம் என்னுடையது. அதாவது, வேலைக்கு வந்த நாளிலிருந்து என் கால் அந்த பேட்டரியின் மேல்தான் இருந்தது. பிறகு என் மகளின் ஓலைப்பெட்டி இருந்தது.

லூர்து பிறந்து மூன்றாம் மாதம் நான் வேலைக்குத் திரும்பினேன். பால் குடிக்கிற குழந்தையை யாரிடம் விடுவது என்று மதரிடம் கேட்டேன். வண்டியிலேயே வைத்துக்கொள் என்றார்கள். பெரிய பனையோலைப் பெட்டி ஒன்றில் பழைய சேலையை மடித்துப் போட்டு அவளைப் படுக்கவைத்தேன். மடியில் வைத்துக்கொண்டால், வண்டி பள்ளத்தில் இறங்கும்போது அவள் தலை முன்பலகையில் இடிக்கும் என்று பயம். பின்னால் வைத்தால் நோயாளியின் காய்ச்சல் ஒட்டும் என்று பயம். காலடிதான் பத்திரம் என்று முடிவு செய்தேன். நிறைய யோசித்து எடுத்த முடிவு அது.

வண்டியைக் கழுவும்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானே எடுத்துக்கொண்டேன். இரத்தம் பட்ட இடத்தைத் துடைத்தால் போதாது, கழுவ வேண்டும் என்று பயிற்சியில் படித்திருந்தேன். ஒவ்வொரு நோயாளியை இறக்கிவிட்டு வந்த பிறகும் வாளி வாளியாகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, லைசால் தெளித்து, விளக்குமாற்றால் தேய்ப்பேன். பலகையிலிருந்து முன் ஆசனத்துத் தளம் வரைக்கும் தேய்ப்பேன். இந்த மணமேல்குடிப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும். பருப்பு வேகாது. குளித்துவிட்டு வந்தால் தோல் வெள்ளையாகப் பூக்கும். அந்த உப்புத் தண்ணீரைத்தான் ஊற்றினேன்.

டிரைவர் அண்ணன் ஒரு தடவை சொன்னார். "தண்ணிய ஊத்தாதீங்க நர்சம்மா. ஈரத்துணியால தொடைங்க. கீழ பேட்டரி கெடக்கு."

கிருமி உங்கள் பேட்டரிக்குப் பயந்து ஓடிவிடுமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "நீங்க படிச்சவங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பட்டாளத்துக்காரருக்குச் சோம்பல் வந்துவிட்டது என்று நான் நினைத்தேன். அவர் சிரித்ததை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன்.

சாக்கு விஷயம் அதற்குப் பிறகு வந்தது. ரோடு மோசமான இடங்களில் அந்தத் தகட்டு மூடி கடகடவென்று அடிக்கும். லூர்து திடுக்கிட்டு விழித்து அழுவாள். மருந்துப்பெட்டி சுற்றி வந்த ஒரு சாக்கை நான்காக மடித்து, மூடிக்கும் பேட்டரிக்கும் நடுவில் திணித்தேன். சத்தம் நின்றது. டிரைவர் அண்ணன் சனிக்கிழமைதோறும் மூடியைத் தூக்கி பேட்டரியைப் பார்ப்பார். அந்தச் சனிக்கிழமை சாக்கை எடுத்து வெளியே போட்டுவிட்டார். திங்கட்கிழமை நான் வேறொன்றை வைத்தேன். அதையும் அவர் எடுத்தார். நான் மறுபடி வைத்தேன். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. மூன்றாவது சாக்கை அவர் எடுக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன்.

பிறகு சில அடையாளங்கள் தெரிந்தன. என் சேலைக் கரையில் ஊசி குத்தினாற்போலச் சின்னச் சின்னப் பொத்தல்கள் விழுந்தன. சலவைக்காரரைக் கூப்பிட்டுச் சோடாவை அள்ளிப் போடுகிறீர்களா என்று சத்தம் போட்டேன். அவர் சேலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "சோடான்னா மொத்தச் சேலையும்ல இத்துப்போகணும். கீழ்க்கரையில மட்டும் எப்பிடிம்மா பொத்தல் விழும்?" என்றார். நியாயமான கேள்வி. நான் சேலையை வேறு ஆளிடம் போட ஆரம்பித்தேன். வண்டியில் ஒரு புளித்த வாடை வந்தது. லைசாலை அதிகமாக ஊற்றினேன். ஓலைப்பெட்டியின் அடி கறுத்துப் பொடிந்தது. குழந்தையின் மூத்திரம் என்று நினைத்து வேறு பெட்டி வாங்கினேன். மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தேன். மூன்றுக்கும் தனித்தனியாக ஒரு பதில் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

லூர்துவுக்கு ஆறு மாதம் ஆனபோது பாக்கியத்தை ஏற்றிக்கொண்டு போனோம்.

பாக்கியம் மீமிசலைச் சேர்ந்தவள். அவள் புருஷன் முனியசாமி வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். அவளுக்கு முதல் பிள்ளை, எட்டு மாதம். காலையிலிருந்து இரத்தம் போகிறது என்று ஆள் வந்து சொல்ல, உடனே போனோம். முனியசாமி கடலில் இருந்தார். வீட்டில் பாக்கியமும் அவளைப் பெற்ற ஆத்தாளும்தான். வலி இல்லை, இரத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. இது நம் கையில் முடிகிற காரியமில்லை, புதுக்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் இவள் பிழைப்பாள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. நீங்களும் அதைத்தான் முடிவு செய்திருப்பீர்கள். புறப்படும் முன் வயிற்றில் குழல் வைத்துக் கேட்டேன். பிள்ளையின் இருதயத் துடிப்பு நன்றாகக் கேட்டது. இதை இங்கேயே சொல்லிவைக்க வேண்டும்.

பலகையில் ரப்பர் ஷீட் விரித்து அவளைப் படுக்கவைத்தோம். ஆத்தா தலைமாட்டில் உட்கார்ந்தார். வழியிலேயே பிள்ளை பிறந்துவிட்டால் குளிப்பாட்ட வேண்டுமே என்று பெரிய எனாமல் பேசினையும் எடுத்துவைத்தேன். நான் முன் ஆசனத்தில், காலடியில் லூர்து. திரும்பிக் கை நீட்டினால் பாக்கியத்தின் நாடி எட்டும்.

ஆவுடையார்கோயில் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். உச்சி வெயில். ஒரு மதகுப் பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி ஏறியது. என் காலடியில் ஏதோ தொப்பென்று சாய்ந்தது. உடனே ஒரு சீறல், பட்டாசுத் திரி பற்றுகிற மாதிரி. எஞ்சின் இருமியது. ஓலைப்பெட்டிக்கு அடியிலிருந்து புகை வந்தது.

நான் முதலில் செய்தது என் குழந்தையைத் தூக்கியதுதான். பின்னால் இருந்தவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து ரோட்டில் குதித்து, சில அடி தூரம் ஓடிய பிறகுதான் வண்டிக்குள் ஒரு நோயாளி இருக்கிறாள் என்பது நினைவுக்கு வந்தது. எத்தனை விநாடி என்று தெரியாது. அந்தச் சில அடிகளை நான் மறக்கவில்லை.

டிரைவர் அண்ணன் வண்டியை ஓரம் கட்டி, என் பக்கத்துக் கதவு வழியாக உள்ளே பாய்ந்து மூடியைப் பிடுங்கிப் போட்டார். உள்ளே சாக்கு கனன்றுகொண்டிருந்தது. நான் வண்டியின் பின்பக்கம் இருந்த தண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

"தண்ணி வேணாம்" என்றார். அன்று அவர் அதட்டினார். "மண்ண அள்ளுங்க."

குறட்டால் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, சாக்கை இழுத்து ரோட்டில் எறிந்தார். நான் ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு மறு கையால் சாக்கின்மேல் மண்ணை அள்ளிப் போட்டேன். பிறகு இருவரும் குனிந்து பள்ளத்துக்குள் பார்த்தோம். பேட்டரியைத் தாங்கிய இரும்புத் தட்டின் ஒரு மூலை இல்லவே இல்லை. மிச்சம் இருந்தது அப்பளம் போல இருந்தது. பேட்டரியை அசையாமல் பிடித்துவைக்கிற கம்பி அரித்து நூலாகி அறுந்திருந்தது. பேட்டரி ஒருபக்கமாகச் சாய்ந்து, அதன் முனை வண்டிச் சட்டத்து இரும்பில் உரசிப் பொறி பறந்திருந்தது. பக்கத்துத் தளத்தை நான் விரலால் அழுத்திப் பார்த்தேன். விரல் உள்ளே போனது. ஓலைப்பெட்டியில் லூர்துவின் தலைப்பக்கம் அந்த இடத்தின் மேல்தான் இருந்தது.

பாக்கியத்திடம் போனேன். அவளுக்கு வைத்திருந்த துணி நனைந்திருந்தது. மாற்றினேன். நாடி வேகம் கூடியிருந்தது. திரும்பி வந்து, என்ன செய்யலாம் என்று அண்ணனிடம் கேட்டேன்.

பஸ் ஒன்று வரும், ஆனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார். பேட்டரி இல்லாமல் ஓட்டமுடியாதா என்று கேட்டேன். டைனமோவை மட்டும் நம்பி ஓட்டினால் அது நடுவழியில் எரிந்துபோகும் என்றார். கயிறு போட்டுக் கட்டலாமா என்றதற்குக் கொஞ்சம் யோசித்தார்.

"கட்டலாம். ஆசிட்டு கயித்தத் தின்னுப்புடும். ரெண்டு மைல் தாங்கும், இல்ல மூணு. அப்பறம் மறுபடி இதே கதைதான்."

என்னுடைய இயல்பை நான் அறிவேன். ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டு, கொடுத்தோமா என்று டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்க்கிறவள். பஸ்ஸுக்குக் காத்திருந்து அது வராமல் போனால் என் தப்பு. கயிற்றைக் கட்டிக்கொண்டு போய் மறுபடி தீப்பற்றினால் அதுவும் என் தப்பு. இரண்டையும் நான் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு நின்றேன். அப்போது பின்னாலிருந்து ஆத்தா, "நர்சம்மா, இவ கை சில்லுன்னு இருக்கு" என்றார். அதைக் கேட்ட பிறகு வேறு மாதிரி ஒரு கேள்வி வந்தது.

"ஆசிட் எதைத் தின்னாது அண்ணே?"

"கண்ணாடி. பீங்கான். ரப்பர்" என்றார். சொல்லிவிட்டு வண்டிக்குள் பார்த்தார். நானும் அங்கேதான் பார்த்தேன். எனாமல் பேசின் பலகைக்கு அடியில் இருந்தது. ரப்பர் ஷீட் பாக்கியத்துக்கு அடியில் இருந்தது.

வேறு ஷீட் இல்லை. நான் அவளை மெல்ல ஒருக்களித்து ஷீட்டை உருவினேன். ஆத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவளுக்கு அடியில கெடக்குறத உருவுறீங்களே. வண்டி பெருசா, எம்மக பெருசா?"

அவளுக்காகத்தான் ஆத்தா என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே அது சரியான பதிலாகத் தோன்றவில்லை. கண்ணை மூடிக் கிடந்த பாக்கியம்தான் பேசினாள்.

"குடுத்துரு ஆத்தா."

எலும்பு முறிவுக்குக் கட்டுகிற மரச்சட்டங்கள் நாலைந்து வண்டியில் எப்போதும் இருக்கும். அவற்றைப் பள்ளத்துக்குக் குறுக்கே, தளத்தில் இரும்பு கெட்டியாக இருந்த இடமாகப் பார்த்து அடுக்கினோம். அதன்மேல் பேசின், பேசினுக்குள் ரப்பர் ஷீட், அதற்குள் பேட்டரி. வயர் நீண்டு எட்டியது. எட்டாமல் போயிருந்தால் என்ன செய்திருப்போம் என்று கேட்காதீர்கள். ஷீட்டின் மிச்சத்தை மேலே மடித்து மூடி, பேண்டேஜ் துணிச் சுருள்களைப் பிரித்து, பேசினையும் ஆசனத்தின் காலையும் சேர்த்துக் கட்டினேன். எட்டுப் போட்டுக் கட்டுவது எனக்குத் தெரியும், முழங்காலுக்குக் கட்டுவதுதான். டிரைவர் அண்ணன் கட்டை ஆட்டிப் பார்த்தார். "ரொம்ப இறுக்காதீங்க. இறுக்குனா பேட்டரி வெடிப்பு விட்டு ஒழுகும். அசையாம இருந்தாப் போதும்" என்றார். அவர் முன்னால் போய்க் கைப்பிடியைச் சுழற்றினார். மூன்றாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது.

அங்கே நாங்கள் நின்றது முப்பத்தைந்து நிமிஷம். டிரைவர் அண்ணனின் கைக்கடிகாரத்தில் பார்த்தேன்.

லூர்துவை ஆத்தா மடியில் கொடுத்துவிட்டு, பேசினை இரண்டு பாதங்களாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அறந்தாங்கி வருவதற்குள் அவள் பசியில் அழத் தொடங்கிவிட்டாள். எனக்குப் பால் கட்டி ரவிக்கை நனைந்தது. காலை எடுக்க முடியாது. திரும்பி நாடியைப் பார்ப்பேன், மறுபடி பேசினைப் பார்ப்பேன். ஒருமுறை திரும்பியபோது, பாக்கியம் கையை நீட்டி என் மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் பிடித்ததும் லூர்து அழுகையை நிறுத்திவிட்டதாக ஆத்தா சொன்னார்.

பாக்கியம் பிழைத்தாள். பிள்ளை உயிரோடு பிறக்கவில்லை. ஆண் பிள்ளை.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அறையைவிட்டு வெளியே வந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன். அரைமணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால்?

"அது எனக்கும் தெரியாது" என்றார்கள். துண்டில் கையைத் துடைத்துவிட்டு, "தாய் வந்து சேர்ந்துட்டாளே" என்றும் சொன்னார்கள். பிறகு என் பாதங்களைப் பார்த்துவிட்டு, இதற்கு மருந்து போட்டீர்களா என்று கேட்டார்கள். அப்போதுதான் பாதம் எரிவது எனக்குத் தெரிந்தது. சேலையின் கீழ்க்கரை ஒரு சாண் அகலத்துக்கு இல்லை. சலவைக்காரர் முகம் நினைவுக்கு வந்தது.

திரும்பி வந்ததும் நடந்ததை எழுதிக் கொடுக்கும்படி மதர் இருவரிடமும் கேட்டார்கள். டிரைவர் அண்ணன், வண்டி தன் பொறுப்பு, சாக்குக்கு அடியில் பார்க்காமல் விட்டது தன் தவறு என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். நான் தண்ணீர் ஊற்றியதையும், அவர் வேண்டாம் என்று சொன்னதையும், சாக்கு வைத்ததையும் எழுதினேன். மதர் இரண்டு தாளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இதில் எது உண்மை என்றார்கள். இரண்டும்தான் என்றேன்.

வெளியே வந்த பிறகு, மூன்றாவது சாக்கை ஏன் எடுக்கவில்லை என்று அவரிடம் கேட்டேன்.

"புள்ள தூங்குதேன்னு விட்டேன்" என்றார். பிறகு, "ஓரத்தத் தூக்கித் பேட்டரித் தண்ணி மட்டும் பாத்து ஊத்திட்டு மூடிருவேன். அடியில பாக்கல" என்றார்.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இங்கேதான் இருக்கிறது. உங்களோடு வேலை செய்கிறவர் ஒரு தடவை ஒன்றைச் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டு போய்விட்டால், பின்னாலேயே போய் ஏன் என்று கேளுங்கள். அவர் இரண்டாவது தடவை சொல்ல மாட்டார். உங்கள் படிப்பு அவர் வாயை அடைத்திருக்கும். நான் குழந்தைக்காகச் செய்தேன், அவரும் என் குழந்தைக்காக விட்டார். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. இரும்புக்கு அது தெரியாது.

புதுக்கோட்டையில் புதுத் தட்டும் பிடிக்கம்பியும் செய்து, தளத்தில் போன இடத்துக்குப் புதுத் தகடு வைத்துக் கொடுத்தார்கள். வண்டி வந்து சில நாள் ஆகியிருக்கும். காலையில் முனியசாமி ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்கு வந்தார். அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எம்பொஞ்சாதியக் கொண்டுபோய்ச் சேத்த வண்டி எங்கிட்டு நிக்குது என்று கேட்டார். பானையில் கீல் இருந்தது. வள்ளங்களுக்கு அடியில், உப்புத் தண்ணீர் ஏறாமல் பூசுகிற, தார் மாதிரியான கீல். வண்டியின் தளம் துருப்பிடித்துப் போனதை ஆத்தா சொல்லியிருக்கிறார். இந்தக் காற்றுக்கு இரும்பை வெறுமேனியாக விட்டால் நிற்காது என்று சொல்லிவிட்டு, கொட்டகைக்குப் பக்கத்தில் கல் கூட்டிப் பானையைச் சூடாக்கத் தொடங்கினார்.

டிரைவர் அண்ணன் பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்தார். குச்சி நுனியில் தேங்காய் நாரைக் கட்டி, முனியசாமி புதுத் தட்டுக்குப் பூசினார். பிறகு தளத்துக்கு அடிப்பக்கம், மூலை மூலையாக. மேல்பக்கத்தில் கைவைப்பதற்குமுன் நான் அவரைக் கூப்பிட்டேன். சொல்லலாமா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. சொன்னால் என் மனச்சுமை குறையும், அவருக்குக் கூடும். அப்படியானால் இதை யாருக்காகச் சொல்கிறேன்? ஆனால் அவர் நன்றிக்காகப் பூசிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

"வண்டி வழியில நின்னது என்னாலதான்" என்றேன். தண்ணீர் ஊற்றியதைச் சொன்னேன். வேண்டாம் என்று அண்ணன் சொன்னதைச் சொன்னேன். சாக்கைச் சொன்னேன். முப்பத்தைந்து நிமிஷத்தையும் சொன்னேன்.

அவர் குச்சியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நாரிலிருந்து கீல் மண்ணில் சொட்டியது. டிரைவர் அண்ணன் பேட்டரியைத் துடைப்பதை நிறுத்திவிட்டார். முனியசாமி என்னைப் பார்க்கவில்லை; வண்டியின் தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குச்சியைப் பானையில் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போனால் அது நியாயம்.

"ஊத்துன தண்ணி எங்கிட்டு வடிஞ்சிச்சுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். மூன்று வருஷமாக ஊற்றியிருக்கிறேன். ஒருநாளும் பார்த்ததில்லை.

"ஒரு செம்பு கொண்டாங்க."

மூடியை இருந்த இடத்தில் வைக்கச் சொன்னார். நான் செம்பில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து, வழக்கமாக ஊற்றுகிற மாதிரி, பின்பலகை ஓரத்திலிருந்து ஊற்றினேன். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். தண்ணீர் பலகைக்கு அடியில் பரவியது. நடுவில் ஒரு கணம் நின்றது. பிறகு ஒரே கோடாக இடப்பக்கம் திரும்பி, முன் ஆசனத்துக்கு அடியில் நுழைந்து, ஓலைப்பெட்டி இருக்கும் இடத்துக்கு வந்து தேங்கியது. வண்டிக்கு வெளியே ஒரு சொட்டுகூட விழவில்லை. கொஞ்ச நேரத்தில் மூடியின் ஓரமாக உள்ளே இறங்கத் தொடங்கியது.

முனியசாமி மடியிலிருந்து ஓர் ஆணியை எடுத்து, மூடிக்கு ஒரு சாண் பின்னால், தண்ணீர் வருகிற வழியில் ஒரு கோடு கிழித்தார். "இங்க ஓட்டை போடுங்க" என்று டிரைவர் அண்ணனிடம் சொன்னார். தேங்கிய தண்ணீரைத் தன் தோள்துண்டால் ஒற்றி எடுத்தார். தளம் காயும் வரைக்கும் காத்திருந்து, மிச்சக் கீலையும் பூசி முடித்துவிட்டு, வெறும் பானையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

இப்போது லூர்துவுக்கு நாலு வயது. அவள் தம்பி வயிற்றில் இருக்கிறான், அல்லது தங்கை. அவள் அப்பாவுக்கு ஆவூர்ப் பக்கம் மாற்றலாகிவிட்டது; நான் வேலையை விட்டுவிட்டுப் போகிறேன். சனிக்கிழமை காலையில் டிரைவர் அண்ணன் உங்களில் ஒருவரைக் கூப்பிடுவார். போங்கள். அவர் மூடியைத் தூக்கி, பேட்டரியையும் எடுத்து வெளியே வைப்பார். சோடா உப்பு கரைத்த தண்ணீரில் நனைத்த துணியால் தட்டைத் துடைத்துக் காயவிடுங்கள். பிடிக்கம்பியை நீங்களே ஒருமுறை தொட்டு ஆட்டிப் பாருங்கள். பிறகு, மூடிக்கு ஒரு சாண் பின்னால் சுண்டுவிரல் பருமனுக்கு ஓர் ஓட்டை இருக்கும். பஞ்சும் மண்ணும் போய் அதை அடைத்துக்கொள்ளும். ஒரு குச்சியால் குத்திவிட்டு, ஒரு செம்புத் தண்ணீரைப் பின்பலகை ஓரத்தில் ஊற்றுங்கள். ஊற்றிவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். குனிந்து, அது மண்ணில் விழுகிற வரைக்கும் பாருங்கள்.